பாட்டே ஓடலை, ஆனா பழைய ஆம்ப்ளிஃபையர் ஏன் சூடா இருக்கு?

70கள்ல வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை புதுசா வாங்கினவங்க நிறைய பேருக்கு இந்த சந்தேகம் வரும். ஆன் பண்ணி அரை மணி நேரம் ஆச்சு, வால்யூம் ஜீரோல இருக்கு, ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்ல, ஆனா மேல்மூடில கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு, ஏதோ ரிப்பேர்னு பயந்து ஆஃப் பண்ணிடறாங்க. அது ரிப்பேர் இல்லீங்க. டிசைன் பண்ணவங்க வேணும்னே வச்ச சூடு அது, அது இல்லாம போனா மெதுவா வச்சு பாட்டு கேக்கவே முடியாது.

ஸ்பீக்கருக்கு போற கரண்ட் ஒரு பக்கமாவே ஓடாது, முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும், அப்பதான் கோன் வெளியவும் உள்ளவும் அசையும். இந்த வேலையை ஒரு சேனலுக்கு ரெண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர் பங்கு போட்டுக்குது, மேல் பாதி அலையை ஒண்ணு பிளஸ் சப்ளைலருந்து குடுக்கும், கீழ் பாதியை இன்னொண்ணு மைனஸ் பக்கமா இழுக்கும். ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையை பிடிச்சு மரம் அறுக்கற ரம்பம் மாதிரிதான், ஒருத்தர் இழுத்து முடிக்கற நேரத்துல மத்தவர் இழுக்க ஆரம்பிச்சிருக்கணும், நடுவுல ஒரு நொடி பிசகினா ரம்பம் குலுங்கும். இங்க அந்த பிசகு எங்க வருதுன்னா, சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு உள்ள சுமார் 0.6 வோல்ட் வந்தாதான் அது முழிச்சுக்கும். அதனால பிளஸ் 0.6லருந்து மைனஸ் 0.6 வரைக்கும் ரெண்டுமே தூங்கும், அலை ஜீரோவை தாண்டற ஒவ்வொரு தடவையும் அங்க ஒரு துண்டு காணாம போகும். இதைத்தான் கிராஸோவர் டிஸ்டார்ஷன்னு சொல்றாங்க.

சரி, 0.6 வோல்ட்தானே, பெரிய விஷயமான்னு தோணும். கணக்கு போட்டு பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் குடுக்கறப்ப அலையோட உச்சி 28 வோல்ட் கிட்ட போகும், அதுல 0.6 போனா காதுக்கு அவ்வளவா தெரியாது. 1 வாட்ல உச்சியே 4 வோல்ட்தான். இன்னும் மெதுவா, 0.01 வாட்ல உச்சி வெறும் 0.4 வோல்ட், அப்ப டிரான்சிஸ்டர் முழிச்சுக்கவே முழிச்சுக்காது, மீட்டி முடிச்ச தந்தி மெல்ல அடங்கற அந்த கடைசி பகுதி ஸ்பீக்கருக்கு வந்தே சேராது. வீட்டுக்குள்ள சாதாரணமா நாம கேக்கற சத்தம் பெரும்பாலும் 1 வாட்டுக்குள்ளயே அடங்கிடும், அதனால ஆம்ப்ளிஃபையரோட தரத்தை 100 வாட்ல தேடறதை விட முதல் வாட்ல தேடணும்ங்கறது என் உறுதியான எண்ணம்.

நெகட்டிவ் ஃபீட்பேக் இதை சரி பண்ணிடாதான்னு கேக்கலாம். பெல் ஆய்வகத்து எஞ்சினியர் ஹெரால்ட் பிளாக், 1927 ஆகஸ்ட்ல ஒரு நாள் காலைல ஹட்சன் ஆத்துல படகுல வேலைக்கு போறப்ப தோணி, கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர்லயே எழுதி வச்ச ஐடியா அது. அவுட்புட்ல கொஞ்சத்தை திருப்பி கொண்டு வந்து இன்புட்டோட ஒப்பிட்டு, வித்தியாசத்தை திருத்தறது. அருமையான வழி, ஆனா திருத்தறதுக்கு பெருக்கம்னு ஒண்ணு வேணும், ரெண்டு டிரான்சிஸ்டரும் தூங்கற அந்த இடத்துல பெருக்கமே இல்லாததால ஃபீட்பேக்கும் தடுமாறும்.

அதனாலதான் பயாஸ். ரெண்டையும் முழுசா தூங்க விடாம, சிக்னல் இல்லாதப்பவும் ஒரு 20லருந்து 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் உள்ள ஓடிட்டே இருக்கற மாதிரி வைக்கறாங்க, கிளாஸ் ஏபின்னு சொல்றது இந்த முறையைத்தான். பிளஸ் 40, மைனஸ் 40 வோல்ட் சப்ளைல 30 மில்லி ஆம்பியர் ஓடினா ஒரு சேனலுக்கு 2.4 வாட் சும்மாவே சூடா போகும், அதோட டிரான்ஸ்ஃபார்மர், டயல் பல்பு, மத்த ஸ்டேஜ் எல்லாத்தோட சூடும் சேர்ந்துதான் உங்க கைக்கு அந்த வெதுவெதுப்பு. இதுவே ரெண்டு டிரான்சிஸ்டரும் எப்பவுமே முழு அலைக்கும் முழிச்சே இருக்கற 50 வாட் கிளாஸ் ஏவா இருந்தா ஒரு சேனல் மட்டும் 100 வாட்டுக்கு மேல சூட்டை கக்கிட்டு இருக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச பகுதியும் இதுதான். டிரான்சிஸ்டர் சூடாக சூடாக அந்த 0.6 வோல்ட் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட் குறையும், அதாவது இன்னும் லேசா முழிச்சுக்கும், கரண்ட் ஏறும், இன்னும் சூடாகும், மறுபடி கரண்ட் ஏறும், அப்படியே போய் எரிஞ்சுடும். இதை தடுக்க, டிரான்சிஸ்டரோட சூட்டை வாங்கி வெளிய விடற அலுமினிய துண்டான ஹீட்சிங்க்லயே ஒரு சின்ன டிரான்சிஸ்டரையோ டயோடையோ ஒட்டி வச்சிருப்பாங்க, அதுவும் கூடவே சூடாகி அதோட வோல்டேஜும் அதே அளவுல குறையறதால பயாஸ் தானா இறங்கிடும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, ரெண்டு சிலிக்கான் துண்டு ஒரே அலுமினியத்துல ஒட்டி இருக்கறதே போதும்.

அந்த காலத்து ஹீட்சிங்க் ஏன் அவ்வளவு பெருசுன்னா அதுக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, விளம்பரத்துல இத்தனை வாட்னு போடணும்னா அளக்கறதுக்கு முன்னாடி அதுல மூணுல ஒரு பங்கு பவர்ல ஒரு மணி நேரம் ஓட்டணும்னு அப்ப இருந்துச்சு. இந்த மாதிரி டிசைன் அதிகமா சூடாகறது ஃபுல் பவர்ல இல்ல, ஏறக்குறைய 40 சதவீதத்துல, அதனால அந்த ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட மோசமான சோதனை. அதுல தாக்கு பிடிக்கறதுக்காக போட்ட இரும்பும் அலுமினியமும்தான் இன்னிக்கு நமக்கு ஆதாயமா இருக்கு. 1976ல வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1250 சேனலுக்கு 160 வாட், 1978ல வந்த நாட் 3020 வெறும் 20 வாட், ஆனா இன்னிக்கும் ரெண்டையும் தேடி வாங்கறாங்க.

வச்சிருக்கறவங்க கவனிக்க வேண்டியதும் இந்த சூட்டை சுத்தித்தான். சார்ஜை சேத்து வைக்கற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்ல 85 டிகிரில 2,000 மணி நேரம்னு போட்டிருந்தா, 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் இரட்டிப்புங்கறது தோராயமான கணக்கு, 45 டிகிரில வச்சா 32,000 மணி நேரம், தினம் 3 மணி நேரம் கேட்டா 29 வருஷம். ஆகவே மேல டர்ன்டேபிளை ஏத்தி காத்தை அடைக்காதீங்க. வருஷக்கணக்கா தூங்கின செட்டை நேரா பிளக்ல போடாம, கரன்ட் பல்பு வழியாவே செட்டுக்கு போற மாதிரி ஒரு 60 வாட் இழை பல்பை சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, உள்ள ஷார்ட் இருந்தா பல்பு பளிச்னு எரிஞ்சு காட்டிக்குடுக்கும்.

அப்புறம் பயாஸ். ஹீட்சிங்க்ல தடவின வெள்ளை பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், அட்ஜஸ்ட் பண்ற குட்டி டிரிம்பாட் கறுத்திருக்கும், அது நடுவுல தொடர்பு விட்டா சில டிசைன்ல கரண்ட் எகிறி டிரான்சிஸ்டரே போயிடும், அதனால அதை புதுசா மாத்திடறது நல்லது. கரன்ட் எடுத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்சவங்களை பக்கத்துல வச்சுக்கங்க. ஸ்பீக்கரை கழட்டி, வால்யூமை ஜீரோல வச்சு, அவுட்புட் டிரான்சிஸ்டரோட சேர்ந்திருக்கற எமிட்டர் ரெசிஸ்டரோட ரெண்டு முனைலயும் மீட்டரை வச்சா 0.5 ஓம் ரெசிஸ்டர்ல 10 மில்லி வோல்ட்னா 20 மில்லி ஆம்பியர் ஓடுதுன்னு அர்த்தம், எவ்வளவு வேணும்னு அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். ஆன் பண்ணின உடனே டிரிம்பாட்டை திருப்பி வச்சுட்டு மூடாதீங்க, அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடி அளந்து அப்புறம் சரியான அளவுல வைங்க, ரெண்டு சேனலையும் தனித்தனியா.