வேட்டியிலிருந்து ஸ்கின்னி ஜீன்ஸுக்கு: தொடை இடுக்கில் என்ன நடக்கிறது?

தொடை இடுக்கில் அரிப்பு என்று தோல் மருத்துவரிடம் வரும் ஆண்களில் பலர் நாலைந்து களிம்புகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தாங்கள் போட்டிருக்கும் பேண்ட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்தக் காலத்தில் நாலு முழ வேட்டி, உள்ளே கோவணம் அல்லது நாடா வைத்த பட்டாபட்டி. இரண்டும் பருத்தி, இரண்டிலும் காற்றோட்டம் உண்டு. சாதாரண நிலையில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். 1970-களில் பாலியஸ்டர் துணியான டெரிலினும், பருத்தி கலந்த டெரிகாட்டனும் பரவியபோது கசங்காத துணி என்று கொண்டாடினோம். கசங்காததுதான், ஆனால் வியர்வையையும் உறிஞ்சவில்லை. பெல்பாட்டம் கீழே எவ்வளவு விரிந்தாலும் தொடையில் பிடித்தபடிதான் இருந்தது. 80, 90-களின் முன்னால் மடிப்பு (பிளீட்) வைத்த தொளதொள பேண்ட்டை இன்று கிண்டல் செய்கிறார்கள். தோலுக்கு அது நல்ல காலம். பிறகு இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் லோ ஹிப், அதன்பின் இழுபடும் இழையான எலாஸ்டேன் ஒன்றிரண்டு சதவீதம் கலந்த ஸ்கின்னி. உள்ளே எலாஸ்டிக் ஜட்டி, மேலே கனமான டெனிம், சென்னை வெயில், பைக் சீட்: படர்தாமரைப் பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அடுத்த தப்பு மருந்துக் கடையில் நடக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சை சாகாது, எதிர்ப்பு இல்லாத தோலில் இன்னும் அகலமாகப் பரவும், படர்தாமரையின் வட்ட வடிவமே மாறிப்போய் நோயை அடையாளம் காண்பதே சிரமமாகும். மாதக்கணக்கில் போட்டால் தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும், அது முழுதாக மறையாது. மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பை வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

ஜட்டியைத் தினமும் மாற்றி, வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள். ஜீன்ஸில் இடுப்புப் பட்டியும் தொடைத் தையலும்தான் கடைசியில் காயும். அந்த இடங்களில் இஸ்திரிப் பெட்டியை நன்றாக அழுத்தித் தேயுங்கள். துண்டையும் கைலியையும் வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம்.

தொப்புளுக்குக் கீழே ரூபாய் நாணய அளவில் ஒரு கருத்த, செதிலான திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது, பொத்தானைப் பாருங்கள். ஜீன்ஸ் பொத்தானிலும் பெல்ட் பக்கிளிலும் உள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து ஒவ்வாமை தரும். நெயில் பாலிஷ் பூசினால் சில சலவை வரை தாங்கும். பிளாஸ்டிக் பொத்தான் தைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது, எரிவது இன்னொரு புகார். இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே இறங்கும் உணர்வு நரம்பை இறுக்கமான பட்டியோ பெல்ட்டோ நசுக்குவதால் வருவது. தொப்பை உள்ளவர்கள் லோ ஹிப் போட்டால் இன்னும் மோசம். ஒரு சைஸ் தளர்த்தினாலே பலருக்குச் சில வாரங்களில் சரியாகும். காலில் பலமே குறைந்தால் அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

குழந்தைப்பேறு பற்றியும் கேட்கிறார்கள். 2018-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 656 ஆண்களைப் பார்த்ததில், தளர்வான பாக்ஸர் அணிந்தவர்களின் விந்தணுச் செறிவு 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இறுக்கமான ஜட்டி போட்டால் மலட்டுத்தன்மை என்று இதற்குப் பொருளில்லை. முயன்றுகொண்டிருப்பவர்கள் தளர்வானதற்கு மாறுவதில் நட்டமும் இல்லை.

பேண்ட் வாங்கும்போது டிரையல் ரூமில் நின்று பார்த்தால் போதாது. சம்மணம் போட்டு உட்காருங்கள். உட்கார்ந்தபடியே இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். துணியெல்லாம் மாற்றியும், முழுதாக மருந்து போட்டும் படர்தாமரை திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.