தலையாட்டியும் கமராவும்: முகம் எப்படி எண்ணாகிறது?

போர்க்காலச் சுற்றிவளைப்புகளைக் கண்ட மட்டக்களப்பு, அம்பாறை ஊரவர்களுக்குத் தலையாட்டியைத் தெரியும். படையினருக்கு ஆள் காட்டிக்கொடுக்க முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஊரே வரிசையாக நடக்க வேண்டும். அந்தத் தலை அசைந்தால் ஆள் வேறாக நிறுத்தப்படுவார். ஏன் அசைந்தது என்று கேட்க வழியில்லை. முகம் அறியும் கமராவின் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் கமரா சொல்வது ஓர் எண்ணை மட்டும். எந்த எண்ணுக்கு மேல் தலையாட்ட வேண்டும் என்பதை ஒரு மனிதர்தான் முன்கூட்டியே குறித்து வைக்கிறார்.

கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளியைக் கணினி அளக்கிறது என்பது பழைய கதை. இன்றைய மென்பொருள் முதலில் படத்தில் முகம் இருக்கும் இடத்தைப் பிடிக்கிறது. இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய 5 புள்ளிகளை வைத்துச் சாய்ந்த முகத்தை நிமிர்த்துகிறது. பிறகு 112 x 112 பிக்சல் அளவில் வெட்டி, பல இலட்சம் முகங்களில் பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்பு என்ற கணினி நிரலுக்குள் அனுப்புகிறது. பெரும்பாலும் 512 எண்கள் வெளியே வரும். ஒரே ஆளின் இரு படங்களுக்கு இந்த எண்வரிசைகள் நெருங்கி நிற்கும், வேறு ஆளென்றால் விலகும். அந்த நெருக்கத்தின் அளவுதான் கமரா சொல்லும் ஓர் எண். தனித்தனியாக அந்த எண்களுக்குப் பொருள் கிடையாது. ஏன் பொருந்தியது என்று செய்தவரிடமே கேட்டாலும் தெளிவான விடை வராது.

ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு முகம் 2 கிலோபைட். மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அத்தனை முகங்களும் ஏறத்தாழ 1 கிகாபைட்டில் அடங்கிவிடும். ஒரு பென்டிரைவில் சட்டைப்பைக்குள் போகும் அளவு!

கமரா பூட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 1920 பிக்சல் அகலக் கமரா ஒன்று 10 மீற்றர் அகலத் தெருவைப் பார்த்தால் ஒரு மீற்றருக்குக் கிடைப்பது 192 பிக்சல். இரு கண்மணிகளுக்கு இடையே சுமார் 6.3 சென்ரிமீற்றர், ஆக 12 பிக்சல்தான் வரும். நம்பத்தக்க ஒப்பீட்டுக்கு இது போதாது. அதே கமராவை 4 மீற்றர் வாசலுக்கு இறுக்கினால் 30 பிக்சல் கிடைக்கும். வேகமும் கெடுக்கும். ஷட்டர் 1/25 செக்கன் திறந்திருந்தால் சாதாரணமாக நடப்பவர் அதற்குள் 5 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடுவார், கண் கோடாக இழுபடும். 1/250 வேண்டும், அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கல்லடிப் பாலத்தால் காலையில் நகருக்கு வருவோரைக் கிழக்குப் பார்த்த கமரா எடுத்தால், முதுகுப்புறச் சூரியனில் முகம் கரிக்கட்டையாகத்தான் தெரியும்.

பெரிய பிழை இவை எதிலும் இல்லை, கணக்கில் இருக்கிறது. கடவுச்சீட்டும் நீங்களும் ஒன்றா என்று பார்ப்பது ஓர் ஒப்பீடு. கூட்டத்தில் ஆள் தேடுவது வேறு. பஸ் நிலையத்தை ஒரு நாளில் 10,000 பேர் கடக்கிறார்கள், தேடப்படுவோர் பட்டியலில் 500 பேர் என்று வைப்போம். 50 இலட்சம் ஒப்பீடுகள்! இலட்சத்தில் ஒன்றுதான் பிழையாகும் என்றாலும் நாளுக்கு 50 பொய்ப் பொருத்தங்கள், அதாவது வேறு ஆளைத் தேடப்படுபவர் என்று காட்டுவது. உண்மையில் தேடப்படுபவர் அன்று வராமலே போகலாம். தலையாட்ட வேண்டிய எண்ணின் எல்லையை உயர்த்தினால் பொய்ப் பொருத்தம் குறையும், உண்மையான ஆளும் தப்புவார். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பது இங்கே அரசியல் முடிவு, மென்பொருள் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணாக ஒளிந்திருக்கிறது.

பிழை எல்லார் மீதும் சமமாக விழுவதுமில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 இல் 189 மென்பொருட்களைச் சோதித்தது. கிழக்கு ஐரோப்பியரை விட ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களில் பொய்ப் பொருத்தம் பல மடங்கு கூடியிருந்தது, ஆண்களை விடப் பெண்களிலும் அதிகம். சீனாவில் உருவான சில மென்பொருட்களில் கிழக்காசியருக்கான அந்த வேறுபாடு மறைந்தது. பயிற்சிக்கு யாருடைய முகங்கள் போயின என்பதே காரணமாக இருக்கலாம். நமது முகங்களில் சோதித்துப் பார்க்காத மென்பொருளை இங்கே வாங்கிப் பூட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவதுதான்.

பிழையான படம் என்ன செய்யும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரலில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த அதே வாரத்தில், பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில் ஒன்று தொடர்பே இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்ணுடையது. பிறகு திருத்தினார்கள். ஆனால் படம் உலகம் சுற்றி முடிந்திருந்தது.

அச்சத்துக்கு இன்னொரு வேர், ஒரு தேவைக்காக எடுத்த படம் வேறு தேவைக்குப் போவது. தேசிய அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவில் நேராகப் பார்த்து எடுக்கும் படம், மேலே சொன்ன 512 எண்களுக்கு மிகப் பொருத்தமான மூலப்பொருள். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களால் ஆளை அறியும் உயிரளவைத் தரவைச் சிறப்பு வகையாகவே கருதுகிறது. ஆனால் தேசியப் பாதுகாப்பு என்ற கதவு அதே சட்டத்தில் திறந்தே இருக்கிறது.

கமரா பூட்டிய அரச நிறுவனத்திடம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பட்டியலில் பெயர் சேர்ப்பவர் யார், நீக்குபவர் யார்? பொருத்த எல்லை எவ்வளவு, அதை வைத்தவர் யார்? பொருந்தாத முகங்களை எத்தனை நாளில் அழிக்கிறீர்கள்? பொருத்தம் வந்ததும் மனிதர் ஒருவர் படத்தைப் பார்க்கிறாரா, எத்தனை நிமிடம்? தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்தால் எழுத்தில் வாங்கி வையுங்கள், மேன்முறையீட்டுக்கு அந்தக் கடிதம் வேண்டும்.