அணு உலையின் வட்டிக் கணக்கு

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், அணு உலைக்கு எரிபொருள் செலவு கம்மினு நீங்கதான எழுதுனீங்க? அப்புறம் ஏன் பேங்க்காரன் கடன் குடுக்க பயப்படுறான்? உலக வங்கியே 2025-லதான் கதவைத் தொறந்துச்சாமே?"

அவர் சொல்வது சரிதான். உலக வங்கி 1959-இல் இத்தாலியின் காரிலியானோ அணுமின் நிலையத்துக்கு 4 கோடி டாலர் கொடுத்தது, அதோடு சரி. அணுமின்சாரத்துக்குக் கடன் கிடையாது என்ற தடையை 2025 ஜூனில்தான் விலக்கிக்கொண்டது.

யுரேனியம் பிளந்து, வெப்பம் வந்து, நீராவி சுழலியைச் சுற்றுவதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். விரல் நுனி அளவு, ஏழு கிராம் எரிபொருள் வில்லை ஒன்று ஏறக்குறைய ஒரு டன் நல்ல நிலக்கரியின் வெப்பத்தைத் தரும். ஆகவே எரிபொருள் மலிவு. செலவு முழுக்க உலையைக் கட்டுவதில், அதாவது ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்பதற்கு முன்பே ஆகிவிடுகிறது.

வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், கட்டும் வீட்டுக்கு வட்டியும் கட்ட வேண்டும். உலை விஷயத்தில் அந்த வட்டியைக் கட்டவும் வருமானம் இல்லாததால் அது அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும். கட்டுமானக் காலத்து வட்டி என்று பெயர். நம் ஊர் வட்டிக்கடையில் வட்டிக்கு வட்டி போட்டால் சண்டைக்குப் போவோம், இங்கே அதுதான் ஒப்பந்தமே.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கோடி ரூபாயில் ஓர் உலை, ஐந்து ஆண்டு வேலை, ஆண்டுக்கு 2,000 கோடி செலவு, மொத்தமும் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நேரத்துக்கு முடிந்தால் திறப்பு விழா அன்று கடன் சுமார் 12,800 கோடி. பரவாயில்லை. இப்போது உலை முடியும் தறுவாயில் ஏதோ தகராறில் வேலை ஐந்து ஆண்டு நின்றுபோகிறது, அந்த ஐந்து ஆண்டில் ஒரு மூட்டை சிமெண்ட்கூட வாங்கவில்லை, ஒரு கூலி ஆளும் வரவில்லை. ஆனாலும் கடன் 20,600 கோடி! அதிலும் முதல் ஆண்டு அடித்தளக் கான்கிரீட்டுக்குப் போன 2,000 கோடி இருக்கிறதே, அது மட்டும் 4,900 கோடிக்கு மேல் வளர்ந்திருக்கும். யாரும் தொடாத கான்கிரீட் மண்ணுக்கடியில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது.

இதே உலையை 3 சதவீத வட்டியில் கட்டி, அதே ஐந்து ஆண்டு தாமதம் ஆனால்? 12,500 கோடிதான். கம்பி, சிமெண்ட், ஆட்கள் எல்லாம் ஒன்றே, தாமதமும் ஒன்றே, இருந்தும் கடனில் 8,000 கோடி வித்தியாசம். வளரும் நாடுகளுக்கு வங்கிகள் ஆபத்தைக் காட்டி வட்டியைக் கூட்டும், வட்டி கூடுவதே ஆபத்தைப் பெரிதாக்கும்.

சூரியத் தகடு போட்டால் பத்துத் தகடு மாட்டியதும் பத்துத் தகட்டு மின்சாரம் வரும். 95 சதவீதம் முடிந்த உலை தருவது பூஜ்யம். 12,800 கோடிக் கடனுக்கு 10 சதவீதம் என்றால் நாளுக்கு மூன்றரைக் கோடி. ஒரு முக்கியமான குழாயில் வெல்டு சரியில்லை, மூன்று மாதம் பிரித்துப் போடு என்றால் 300 கோடிக்கு மேல் வட்டியிலேயே போய்விடும். ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், நல்ல வெல்டர் ஒருவரை உருவாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்வார்கள். ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் காசில்லை என்று கைவிரிக்கும் அரசுகள் அந்தக் காசைப் பின்னால் வட்டியாகக் கட்டுகின்றன என்பது என் கட்சி.

பிலிப்பைன்ஸின் பத்தான் உலை கதையைக் கேட்டால் வயிறு எரியும். 621 மெகாவாட். 1976-இல் வேலை தொடங்கியது, 1979-இல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணு உலை விபத்து நடந்ததும் பாதுகாப்பு விசாரணைக்காக நிறுத்தினார்கள், எப்படியோ 1984 வாக்கில் கட்டி முடித்தார்கள். அதற்குள் செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1986-இல் அதிபர் மார்க்கோஸின் ஆட்சி போனது, சோவியத்தின் செர்னோபில் அணு உலை வெடித்தது, புதிய அரசு உலையைத் திறக்காமலே மூடியது. ஒரு யூனிட்கூட விற்காத உலைக்கு அந்த நாட்டு மக்கள் 2007 வரை தவணை கட்டினார்கள்.

நம் கூடங்குளமும் தப்பவில்லை. முதல் இரண்டு உலைகளுக்குப் போட்ட மதிப்பீடு 13,171 கோடி, பிறகு அது 22,462 கோடி ஆனது. முழுக்க வட்டி மட்டும் காரணமில்லை, ஆனால் தாமதம் நீள நீள அதன் பங்கும் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் நாணயம். மின்சாரத்தை உள்ளூர்ப் பணத்தில் விற்று டாலரில் கடன் அடைக்க வேண்டும். வங்கதேசத்தின் ரூப்பூரில் 1,265 கோடி டாலர் அணுமின் திட்டம், 90 சதவீதம் ரஷ்யக் கடன். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 86 டாக்கா, 2024 கடைசியில் 120. உலையில் ஒரு செங்கல் கூடவில்லை, டாக்கா கணக்கில் டாலர் கடன் மட்டும் 40 சதவீதம் வீங்கிவிட்டது. இதற்கு நடுவே ரஷ்ய வங்கிகள் மீது தடை வந்ததால், கையில் பணம் இருந்தும் எந்த நாணயத்தில், எந்த வழியாகத் தவணை கட்டுவது என்று வேறு அலைந்தார்கள்.

எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் ஒரு வீடு ஆறு வருஷமாகத் தளம் போட்டபடி நிற்கிறது. வாசலில் திருஷ்டி பொம்மை. வாஸ்து சரியில்லை, அதனால்தான் வேலை நகரவில்லை என்று சொல்லி வீட்டுக்காரர் போன மாதம் ஈசானி மூலையை இடித்துக் கட்டினார். அதற்கும் மூணு வட்டிக்குத்தான் கடன் வாங்கினாராம்.