பாரசிட்டிக்: ஒட்டுண்ணியா, புல்லுருவியா?

ஹை ஸ்பீட் ஆம்ப்ளிஃபையருக்கு சர்க்யூட் போர்டு போடுறவங்க வாயில நாளைக்கு பத்து தடவயாவது வர்ற வார்த்தை இந்த பாரசிட்டிக். சர்க்யூட் படத்துல நாம வரையவே இல்ல, ஆனா போர்டுல தானா வந்து உக்காந்துக்குற கெப்பாசிட்டன்ஸ் (சார்ஜ தேக்கி வைக்கற தன்மை), இண்டக்டன்ஸ் (கரன்ட் மாறுறத எதிர்க்கற தன்மை), அதுக்குத்தான் இந்தப் பேரு. இத தமிழ்ல எப்படி சொல்றது, ஒட்டுண்ணின்னா, புல்லுருவின்னாங்கறதுதான் என் கேள்வி. ரெண்டு காப்பர் எதிரும் புதிருமா இருந்தாலே கெப்பாசிட்டர், டிராக் நீளமா ஓடுனாலே காயில், காசு குடுத்து வாங்கி சால்டர் பண்ணாதான் வருவேன்னெல்லாம் அது நிக்காது.

வார்த்தை கிரேக்கத்துது. பாரான்னா பக்கத்துல, சிட்டோஸ்னா தானியம், சாப்பாடு. மொதல்ல கோயில் விருந்துல பங்கு உள்ள மரியாதையான ஆளத்தான் அப்படி சொன்னாங்க, அப்புறம் காமெடி நாடகத்துல அவன் ஓசிச்சோத்துக்காரனா ஆயிட்டான், 16-ம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்ததும் அந்த ஓசிச்சோறு அர்த்தத்துலதான். செடி, பூச்சிக்கெல்லாம் பேர் வச்சது அதுக்கும் பின்னால, நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைசிப் பந்தி.

நான் இருக்கறது பாலக்காட்டு பக்கம், கோவிந்தாபுரம் பார்டர்ல. இங்க மலையாளத்துல பராதம்னு சொல்றாங்க, கிரேக்க பாராவேதான் போலன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன், இல்லீங்க, அது சமஸ்கிருதம், பர-ன்னா பிறர், அத-ன்னா தின்னுறது. சத்தம் மட்டும்தான் ஒண்ணு.

தமிழ்ல பாடப்புத்தக வார்த்தை ஒட்டுண்ணி, ஒட்டிக்கிட்டு உண்ணுறது. கெப்பாசிட்டன்ஸுக்கு தமிழ்நாட்டுப் புத்தகத்துல மின்தேக்குத்திறன், இலங்கையில கொள்ளளவம். அப்ப ஒட்டுண்ணி மின்தேக்குத்திறன்னு எழுதலாம், தப்பில்ல. ஆனா உண்ணின்னு சொன்னாலே எனக்கு மாட்டு மேல இருக்கறதுதான் ஞாபகம் வருது, அத புடுங்கி எறிஞ்சா வேலை முடிஞ்சுது. போர்டுல இருக்கறத அப்படி புடுங்க முடியுமா?

நானே ஒரு ஆம்ப்ளிஃபையர் போர்டு எட்ச் பண்ணேன், 1.6 மில்லிமீட்டர் கிளாஸ் எபாக்ஸி, கீழ முழுக்க கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டோட சேந்த காப்பர் தகடு), கெயின் 2, அதாவது சிக்னல் ரெண்டு மடங்கு, அத நிர்ணயிக்கற ரெண்டு ரெசிஸ்டரும் 1 கிலோ ஓம். ஆசிலோஸ்கோப்ல பாத்தா ஸ்கொயர் வேவோட ஒவ்வொரு முனையிலயும் வால் மாதிரி ரிங்கிங், அதாவது அடங்காத ஆட்டம், அவுட்புட்ல ஒரு பங்கு திரும்பி வர்ற (ஃபீட்பேக்) இன்வெர்ட்டிங் பின் பக்கம் வெரல கொண்டு போனா வாலோட நீளமே மாறுது. கணக்கு போட்டா காரணம் தெரிஞ்சிடுச்சு, அந்த பின்ன சுத்தி நான் விட்ட காப்பர் ஒரு சதுர சென்டிமீட்டர் வரும், அதுவும் கீழ இருக்கற பிளேனும் சேந்து சுமார் 2.5 பிக்கோஃபாரட். அந்த இடத்துக்கு தெரியற ரெசிஸ்டன்ஸ் 500 ஓம், அதனால 127 மெகாஹெர்ட்ஸ் கிட்ட ஃபீட்பேக் 45 டிகிரி பின்தங்கி வருது, 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஓடுற சிப்புக்கு இது போதும் ஆட ஆரம்பிக்க.

தோப்புல மாமரத்து புல்லுருவிய வெட்டிட்டு இருந்த அண்ணன் ஒருதடவ சொன்னாரு, "செடிய மட்டும் ஒடிச்சா திரும்ப வந்துரும் தம்பி, கிளையோட எடுக்கணும்." வேர் மரத்துக்குள்ள போயிருக்குமாம். போர்டுலயும் அதேதான் செஞ்சேன், மேல பின் சால்டர் ஆகற காப்பர் பேட்-ஐ சின்னதாக்கி, அதுக்கு நேர் கீழ இருந்த கிரவுண்ட் காப்பர கத்தியால வழிச்சு எடுத்தேன், ரெசிஸ்டர பின்னோட ஒட்டி வச்சேன், வால் பாதிக்கு மேல அடங்கிருச்சு. அதனால உவமைக்கு புல்லுருவிதான் பொருத்தம், ஆனா கூட இருந்து குழி பறிக்கற ஆள திட்டறதுக்கு அது ஏற்கனவே புக் ஆயிருக்கு, அப்ப எழுத்துல ஒட்டுண்ணியே இருக்கட்டும்.

இண்டக்டன்ஸுக்கும் இதே முன்சொல்தான். சிப்போட சப்ளை பின்ல வைக்கற 0.1 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெப்பாசிட்டர் 100 மெகாஹெர்ட்ஸ்ல பேப்பர்ல 0.016 ஓம், அதோட கம்பிக்கால ஒரு சென்டிமீட்டர் நீட்டி விட்டா அது மட்டுமே ஏறக்குறைய 10 நானோஹென்ரி, 6 ஓமுக்கு மேல, பின்னோட ஒட்டி வைக்கச் சொல்றது அதுக்குத்தான். சில புக்ல ஸ்ட்ரே கெப்பாசிட்டன்ஸ்னு வரும், அதுவும் இதே சங்கதிதான், அங்க உவமை தெருவுல அவுந்து திரியற மாடு.