லாபியிஸ்ட்: முன்கூடத்தில் நிற்பவருக்குத் தமிழில் என்ன பெயர்?

மாணவர்கள் கூடி நடத்தும் மாதிரிச் சட்டமன்றம் ஒன்றுக்குப் பணிக்குறிப்புத் தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். உறுப்பினர், அவைத்தலைவர், ஆளுநர், குழுத்தலைவர் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. செய்தியாளருக்கும் சிக்கல் இல்லை. லாபியிஸ்ட் என்ற இடத்தில்தான் பேனா நின்றது. எனக்கு முன்னால் அந்தத் தாளைத் தொட்டவர் அங்கே "தரகர்" என்று எழுதி வைத்திருந்தார். அந்தப் பொறுப்பு விழுந்த மாணவி அதைப் படித்துவிட்டு, எல்லாருக்கும் நல்ல வேலை கொடுத்து எனக்கு மட்டும் ஏன் இது என்று கேட்டாளாம். அவள் கேட்டது நியாயம். தவறு அவளுக்குக் கிடைத்த வேலையில் இல்லை, அதற்கு வைத்த பெயரில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம், வேலை புரியாமல் சொல் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் 'யூத் அண்ட் கவர்ன்மென்ட்' திட்டம் 1936-ல் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் தொடங்கியது. பள்ளி மாணவர்களே சட்டமுன்வடிவு எழுதி, குழுவில் வாதாடி, அவையில் வாக்கெடுப்பு நடத்தி, மாணவ ஆளுநரின் கையெழுத்து வரை கொண்டுபோகும் ஏற்பாடு. இந்த மாதிரி மாநாடுகளில் வெறும் உறுப்பினர்களை மட்டும் வைத்தால் அரசாங்கம் முழுமையாகாது என்பதால் பலவற்றில் நீதிமன்றமும் உண்டு, செய்தியாளர் குழுவும் உண்டு, லாபியிஸ்டுகளும் உண்டு. விதிகள் மாநாட்டுக்கு மாநாடு மாறும். பொதுவாக லாபியிஸ்டாக வரும் மாணவர் ஏதோ ஒரு தரப்பின் ஆளாக நிற்கிறார்: விவசாயிகள் சங்கம், மருத்துவமனைகள், சுற்றுச்சூழல் இயக்கம், ஒரு தொழிற்சாலை, இப்படி. தாக்கலாகப் போகும் முன்வடிவுகளையெல்லாம் படித்து, தன் தரப்பைத் தொடுவது எது என்று கண்டுபிடித்து, குழுக் கூட்டத்தில் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொல்லி, உறுப்பினர்களை இடைவேளையில் பிடித்து, இந்த வரியை மட்டும் மாற்றினால் போதும் என்று திருத்தத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு வாக்கு கிடையாது. வாக்கெடுப்பின்போது உள்ளே இருக்கவும் முடியாது. பேச்சு ஒன்றுதான் கையிருப்பு. உண்மையைச் சொன்னால், அந்த மாநாட்டிலேயே முன்வடிவுகளை அதிகமாகப் படித்திருப்பவர் பெரும்பாலும் இவராகத்தான் இருப்பார்.

சரி, சொல்லுக்கு வருவோம். லாபி என்பது ஆளின் பெயரல்ல, இடத்தின் பெயர். இடைக்கால லத்தீனில் 'லோபியா', 'லோபியம்' என்றால் மூடிய நடைபாதை, மடாலயத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். அது ஜெர்மானிய மொழியிலிருந்து லத்தீனுக்குப் போனது. இலை தழையால் வேய்ந்த பந்தல் என்பது அதன் ஆதிப் பொருளாகக் கருதப்படுகிறது. இன்றைய ஜெர்மனில் 'லௌப' என்றால் தோட்டத்துக் கொடிப்பந்தல். ஆங்கிலத்தின் 'லாட்ஜ்' கூட இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆக, விடுதிக்கு நாம் சொல்லும் லாட்ஜும், விடுதியின் முன்புறத்துக்குச் சொல்லும் லாபியும் ஒரே தழைப்பந்தலின் இரண்டு பிள்ளைகள்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் மடாலய நடைபாதையாக நுழைந்த சொல், சில பத்தாண்டுகளில் எந்தப் பெரிய கட்டடத்தின் முன்கூடத்துக்கும் பெயராகி, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையை ஒட்டிய கூடத்துக்குப் பெயராக நிலைத்தது. அவைக்குள் மக்கள் போக முடியாது. ஆனால் முன்கூடம் வரை வரலாம், தங்கள் உறுப்பினரைப் பார்த்துப் பேசலாம். இன்றும் லண்டனில் ஒரு வாக்காளர் அங்கே உள்ள மைய முன்கூடத்துக்குப் போய், பச்சை நிறச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்துத் தன் உறுப்பினரை வரச்சொல்லிக் கேட்கலாம். லாபி செய்வது என்பதன் கரு இதுதான்: உள்ளே போக உரிமையில்லாதவர், உள்ளே இருப்பவரை வாசல் வரை வரவழைத்துப் பேசுவது. இந்திய நாடாளுமன்றத்திலும் வாக்கெடுப்புக்கு முன் லாபிகளைக் காலி செய்யும்படி அவைத்தலைவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே லாபி இன்னும் இடமாகவே இருக்கிறது.

இடத்தின் பெயர் ஆளுக்கும் வேலைக்கும் தாவியது அமெரிக்காவில். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆல்பனியின் சட்டமன்றக் கூடத்தைச் சுற்றி வந்தவர்களை 'லாபி ஏஜென்ட்' என்று அழைத்தார்கள். 1830-களில் லாபி வினைச்சொல்லாகவும் புழங்கியது. லாபியிஸ்ட் என்ற வடிவமும் அதே நூற்றாண்டில்தான் வருகிறது. மாணவர் மாதிரி அரசாங்கம் தொடங்கியதும் அதே ஆல்பனியில்தான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இந்த இடத்தில் ஒரு கதையை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதிபர் யுலிசிஸ் கிராண்ட் வாஷிங்டனின் வில்லர்ட் ஹோட்டல் முன்கூடத்தில் சுருட்டுப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், காரியம் ஆக வேண்டியவர்கள் அங்கே அவரை மொய்ப்பார்கள், அவர்களை அவர் லாபியிஸ்ட் என்று அழைத்தார், சொல் பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கிராண்ட் பதவியேற்றது 1869-ல். வினைச்சொல் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

தமிழில் நமக்குத் தனியாக இன்னொரு தொல்லை உண்டு. லாபி என்று எழுதியதும் நம் காதில் லாபம் விழுகிறது. லாபம் பார்ப்பவர்தான் லாபியிஸ்ட் என்று ஒருவர் மிக உறுதியாக எனக்கு விளக்கியிருக்கிறார். லாபம் வடமொழிச் சொல், பெறுவது என்று பொருள். லாபியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஒலி ஒற்றுமை வேலையைக் காட்டிவிடுகிறது. 'தரகர்' என்ற மொழிபெயர்ப்புக்குப் பின்னால் இந்த லாபமும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது செய்தியாளர் பக்கம். அதே முன்கூடத்தில் இன்னொருவரும் நின்றார், குறிப்பேட்டோடு. பிரிட்டனில் இன்றும் 'தி லாபி' என்றால் நாடாளுமன்ற அரசியல் செய்தியாளர்களின் கூட்டம் என்று பொருள். பெயர்ப் பட்டியல் வைத்து முன்கூடத்துக்குள் செய்தியாளர்களை அனுமதிக்கும் வழக்கம் அங்கே 1884-ல் தொடங்கியது. ஒரே சொல், அமெரிக்காவில் தரப்புக்காகப் பேசுபவரைக் குறிக்கிறது, பிரிட்டனில் செய்தி எழுதுபவரையும் குறிக்கிறது. ஒரே தாழ்வாரத்தில் இருவரும் நின்றதால் வந்த வினை.

நின்றது மட்டுமா, சில நேரம் இருவரும் ஒரே ஆளாகவே இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு வாஷிங்டனில் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே நிறுவனங்களுக்காக உறுப்பினர்களிடம் பேசிக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். அதைத் தாங்க முடியாத செய்தியாளர்கள் 1879-ல் தங்களுக்குள் ஒரு நிலைக்குழு அமைத்து, செய்தியாளர் மாடத்தில் யார் உட்காரலாம் என்பதற்கு விதி எழுதினார்கள். லாபி வேலை செய்பவருக்கு மாடத்தில் இடமில்லை. மாதிரி மாநாட்டில் செய்தியாளர் அட்டை அணிந்த மாணவர் ஒரு தரப்பின் துண்டுச்சீட்டை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

செய்தியாளருக்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. நிருபம் என்றால் கடிதம், ஆகவே ஊரிலிருந்து செய்தி எழுதி அனுப்புபவர் நிருபர். பத்திரிகையாளர் என்பதில் உள்ள பத்திரிகை 'பத்ர' என்ற வடசொல்லின் வழி வந்தது, அதற்கு இலை என்று பொருள். இதழ் என்பது பூவின் இதழ். ஏடு என்பது பனையோலை. எழுதுவது தொடர்பான நம் சொற்களில் பாதி மரத்திலிருந்துதான் பறிக்கப்பட்டிருக்கின்றன. லாபியும் தழையில் பிறந்தது என்று மேலே பார்த்தோம், ஆக முன்கூடத்தில் நின்ற அந்த இருவரின் பெயருக்கும் அடியில் இலை இருக்கிறது! பொருள் தொடர்பு எதுவும் இதில் இல்லை, வேர்களைத் தோண்டுபவருக்குக் கிடைக்கும் சின்ன மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

பணிக்குறிப்புத் தாளுக்கு நான் செய்தியாளர் என்பதையே எடுத்தேன். ஊடகவியலாளர் என்பதும் சரியே, இலங்கைத் தமிழில் அது நன்றாக வேரூன்றியிருக்கிறது, ஆனால் ஒரு நாள் இதழுக்கு ஓடி ஓடிச் செய்தி சேகரிக்கும் மாணவருக்கு அது கொஞ்சம் கனமான சட்டை.

இனி லாபியிஸ்ட். கையில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பரப்புரையாளர் ஊர் முழுக்கக் கேட்கப் பேசுபவர். இவரோ ஓர் உறுப்பினரிடம் தனியாகப் பேசுகிறார். அழுத்தக் குழு, இலங்கைப் பாடநூல் வழக்கில் அமுக்கக் குழு, இரண்டும் அமைப்பைக் குறிப்பவை, ஆளைச் சொல்லாது. செல்வாக்காளர் என்றால் இப்போது சமூக ஊடகப் பிரபலம் நினைவுக்கு வருகிறார். ஆதரவு திரட்டுபவர் என்பது பரவாயில்லை, செய்தித்தாள்களிலும் வருகிறது, ஆனால் வேட்பாளர்கூட ஆதரவு திரட்டுபவர்தான், அத்துடன் ஒரு முன்வடிவை எதிர்த்து நிற்கும் லாபியிஸ்டை அப்படி அழைத்தால் ஒட்டவில்லை. தரகர் இரு பக்கமும் பேசி முடித்துக் கூலி வாங்குபவர். லாபியிஸ்ட் ஒரு பக்கத்துக்கு மட்டும் பேசுபவர், அந்தப் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசக் கடமைப்பட்டவர். அமெரிக்காவில் 1995-ல் வந்த வெளிப்படுத்தல் சட்டம், தொழில்முறை லாபியிஸ்ட் யாருக்காகப் பேசுகிறார் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. பல மாதிரி மாநாடுகளில் மாணவரும் தன் தரப்பின் பெயரை அட்டையில் மாட்டிக்கொண்டுதான் சுற்றுகிறார்.

பணத்தால் வளைப்பதும் லாபி என்ற பெயரிலேயே நடக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு லஞ்சம், கையூட்டு என்று நேரான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. குறை தீர்க்கச் சொல்லி அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் 1791-லேயே உறுதி செய்தது. பத்திரிகைச் சுதந்திரம் இருப்பதும் அதே ஒரு வாக்கியத்துக்குள். இரண்டு வேலைகளும் சட்டத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் பழந்தமிழைப் புரட்டியபோது வந்து நின்றது 'வாயில்'. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று, ஊடலைத் தீர்க்க ஒருவருக்காக மற்றவரிடம் பேசுபவருக்கு வாயில் என்றே பெயர். தொல்காப்பியக் கற்பியல் பாணன், பாங்கன், தோழி, விறலி, விருந்தினர் என்று பன்னிரண்டு வாயில்களை எண்ணிச் சொல்கிறது. வாசலுக்கான பெயர், வாசலில் நின்று பேசும் ஆளுக்கு ஆகியிருக்கிறது! முன்கூடம் ஆளுக்குப் பெயரானதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வாயில் மறுத்தல் என்றும் ஒரு துறை உண்டு, வந்தவரின் பேச்சைக் கேட்க முடியாது என்று திருப்பி அனுப்புவது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அந்த உரிமை முழுமையாக உண்டு. 'கடிதத்தின் வாயிலாக', 'செய்தித்தாள் வாயிலாக' என்று நாம் எழுதும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் மூச்சு விடுகிறது.

வாயில் என்றே வைத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க ஆசைப்பட்டேன். முடியாது. அட்டையில் 'வாயில்' என்று போட்டால் வழிகாட்டிப் பலகை என்று நினைப்பார்கள்.

கடைசியில் 'பரிந்துபேசுநர்' என்று எழுதினேன். ஒருவருக்காகப் பரிந்து பேசுதல் என்பது வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் புரியும் பேச்சு. யாருக்காக என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் தரப்பை மறைக்க முடியாது. எதிர்த்துப் பேசும்போதும் பொருந்தும், ஏனென்றால் முன்வடிவை எதிர்ப்பதும் தன் தரப்புக்குப் பரிந்துதான். கூலிக்குப் பேசுபவருக்குப் பரிவு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம், அந்தக் குறை இருக்கிறது. வழக்கறிஞருக்கும் அதே கேள்வி உண்டு, ஆனாலும் யாருக்காக வழக்காடுகிறார் என்பதை வைத்துத்தானே அவரை மதிப்பிடுகிறோம்.

தாளில் இப்படிப் போயிருக்கிறது: இடத்துக்கு முன்கூடம், வேலைக்குப் பரிந்துபேசல், ஆளுக்குப் பரிந்துபேசுநர், செய்தியாளர் உட்காரும் இடத்துக்குச் செய்தியாளர் மாடம். மாதிரி என்பதை அப்படியே விட்டேன், போலிச் சட்டமன்றம் என்று யாராவது மாற்றினால் திருப்பி மாற்றுங்கள். அட்டையில் இடம் போதவில்லை, பரிந்துரைஞர் என்று சுருக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், குழுக்கள் செய்யும் பரிந்துரையோடு அது குழம்பும். எழுத்தைச் சிறிதாக்கி, பெயருக்குக் கீழே தரப்பின் பெயரையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.