மேலே போகலாமா என்று கேட்க இறந்தகாலம் எதற்கு?

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "முகப்பும் வளவும் காட்டி முடித்ததும் வெளிநாட்டுக்காரர்கள் ‘குட் வீ கோ அப்ஸ்டேர்ஸ்?’ என்று கேட்கிறார்கள். கேன் என்பதன் இறந்தகாலம்தான் குட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். இன்னும் ஒரு படிகூட ஏறவில்லை, அதற்குள் இறந்தகாலம் எப்படி வந்தது? நானும் ‘யெஸ், யூ குட்’ என்றேன். அவர்கள் ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னதில் என்ன தப்பு?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "யெஸ், யூ கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்பவர் குட் போட்டுக் கேட்கலாம். அனுமதி கொடுப்பவர் கேன் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஏன் அப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேன்–குட், மே–மைட், ஷல்–ஷுட், வில்–வுட் என்று நான்கு ஜோடி. அப்புறம் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் மஸ்ட். மொத்தம் ஒன்பது துணைவினைகள். இவற்றுக்குப் பின்னால் ‘டு’ வராது. ஹீ, ஷீ வந்தாலும் எஸ் ஒட்டாது. இரண்டை அடுத்தடுத்து வைக்க முடியாது, அதனால் ‘வில் கேன்’ தவறு, ‘வில் பி ஏபிள் டு’ சரி. இவ்வளவும் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால் ஜோடியில் இரண்டாவதாக நிற்பவை உருவத்தில் இறந்தகாலம், பொருளில் பெரும்பாலும் அப்படியில்லை என்பதைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

இது ஏதோ ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய கோணல் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் தினமும் செய்வதுதான். "நாளைக்கு அவர் வந்தால் சொல்கிறேன்" என்கிறோம். ‘வந்தால்’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்தது என்பவற்றில் இருக்கும் அதே ‘வந்த்’, அதோடு ஆல். பேச்சு நாளையைப் பற்றி, சொல்லுக்குள் இருப்பதோ இறந்தகாலம். வருகிறால் என்றோ வருவால் என்றோ தமிழில் கிடையவே கிடையாது. நட என்றால் நடந்தால், படி என்றால் படித்தால், சாப்பிடு என்றால் சாப்பிட்டால். எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் ‘ஆல்’ போய் ஒட்டுவது இறந்தகால வடிவத்தில்தான். பிறந்தது முதல் தமிழ் பேசுகிறோம், இப்படி ஒன்று இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை. எனக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் இலக்கணச் செய்தி வேறு இல்லை.

எங்கோ வடமேற்கு ஐரோப்பாவில் வளர்ந்த மொழியும் நம் மொழியும் கற்பனை செய்வதற்கு ஒரே கருவியை எடுப்பானேன்? மொழியியலாளர் சபீன் இயாட்ரிடூ 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதற்கு அழகான விளக்கம் ஒன்று உண்டு. இறந்தகால உருவம் அடிப்படையில் ‘நேற்று’ என்று சொல்வதில்லை, ‘இங்கே இல்லை’ என்றுதான் சொல்கிறது என்பது அதன் சாரம். காலத்தைப் பற்றிப் பேசும்போது, நான் சொல்வது இந்தப் பொழுதில் இல்லை என்று ஆகிறது; அதைத்தான் இறந்தகாலம் என்கிறோம். நிலைமையைப் பற்றிப் பேசும்போது, நான் சொல்வது இப்போது நாம் நிற்கும் இந்த உலகத்தில் இல்லை, வேறொரு நினைப்பில் என்று ஆகிறது. உருவம் ஒன்றுதான், அது காட்டும் தூரம் இரண்டு வகை.

இனி மாடிப்படிக்கு வருவோம். "கேன் வீ கோ அப்ஸ்டேர்ஸ்?" என்றால் கேள்வி நேராக இந்த உலகத்தில், இந்த வீட்டில், உங்கள் முகத்துக்கு எதிரே நிற்கிறது. தப்பில்லை, ஆனால் மறுக்க வேண்டுமானால் நீங்களும் முகத்துக்கு எதிரே மறுக்க வேண்டும். குட் போட்டதும் கேள்வி ஓரடி பின்வாங்குகிறது. ஒருவேளை நாங்கள் கேட்டால், ஒருவேளை உங்களுக்குச் சம்மதமானால், போக முடியுமா என்ற தொனி வந்துவிடுகிறது. மறுப்பதற்கு இடம் கொடுத்துக் கேட்பதுதான் பணிவு. ஆனால் அனுமதி கொடுக்கும்போது பின்வாங்க வேண்டியதில்லை. மாடி இருக்கிறது, படி இருக்கிறது, போகலாம், ஆகவே கேன். "யூ குட்" என்று நீங்கள் சொன்னதும், "போகலாம்தான்…" என்று நாம் இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி அவர்கள் காதில் விழுந்திருக்கும். ‘ஆனால்’ என்று ஏதோ வரப்போகிறது என்று காத்து நின்றிருக்கிறார்கள்.

சரி, இந்தச் சொற்களுக்கு எஸ் ஏன் ஒட்டுவதில்லை? ஹீ சிங்ஸ் என்கிறோம், ஹீ கேன்ஸ் என்பதில்லை. இதற்கும் விடை இறந்தகாலம்தான். கேன் என்பதே மிகப் பழங்காலத்தில் ஓர் இறந்தகால வடிவம். ‘அறிந்துகொண்டேன்’ என்று சொன்னது நாளடைவில் ‘எனக்குத் தெரியும்’ ஆகி, அப்புறம் ‘என்னால் முடியும்’ ஆனது. வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்கிறோம் அல்லவா? சொல் இறந்தகாலம், புரிதல் இப்போது இருப்பது. அதே நகர்வு. ஆங்கில இறந்தகாலத்தில் எஸ் கிடையாது. ஹீ சேங் என்றுதான் சொல்வோம். ஹீ கேன் என்பதிலும் அதனால்தான் இல்லை. அதன் உறவு மொழியான ஜெர்மனிலும் ‘எர் ஸிங்க்ட்’ என்று டகரம் வரும், ‘எர் கன்’ என்பதில் வராது. மே, ஷல் ஆகியவையும் இந்த வகைதான். வில் மட்டும் வேறு வழியில் வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது.

பழைய இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டதால் புதிதாக ஓர் இறந்தகாலம் செய்ய வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் குட். அதன் எழுத்துக்கூட்டில் வாயில் வராத ஓர் எல் இருக்கிறதே, அது முதலில் இல்லை. வில்லில் எல் உண்டு, அதனால் வுட்டில் வந்தது. ஷல்லில் உண்டு, அதனால் ஷுட்டில் வந்தது. கேனில் எல் ஏது? பக்கத்து ஜோடிகளைப் பார்த்து, எழுதுகிறவர்கள் பிற்காலத்தில் இதற்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். மஸ்ட் என்பதும் ஓர் இறந்தகால வடிவம்தான். அதற்கு மூலமான நிகழ்காலச் சொல் வழக்கொழிந்துவிட்டது. மஸ்ட்டுக்கென்று தனி இறந்தகாலம் பிறக்கவும் இல்லை. அதனால்தான் "நேற்றுப் போக வேண்டியிருந்தது" என்பதற்கு ‘ஹேட் டு கோ’ என்று வேறு வீட்டுச் சொல்லைக் கடன் வாங்குகிறார்கள்.

காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம் அது. மின்கலத்தையும் துருவையும் ஆராயும் அந்த நிறுவனத்துக்கு அன்று கிடைத்த ஆதரவு, மனிதப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். ஆச்சிகள் பேசும் நகரத்தார் தமிழைப் பதிவு செய்யப் பெரிய கருவிகள் வேண்டாம், ஒலிவாங்கியும் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் ஆளும் இருந்தால் போதும். அதற்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று நினைப்பது பெரிய தவறு. அதைப்போலவே, "இங்கிலீஷ் வருவதும் வராததும் தலையெழுத்து" என்று பிள்ளைகளிடம் சொல்வதும் மூடநம்பிக்கைதான். வந்தால், போனால் என்று தப்பில்லாமல் பேசும் பிள்ளைக்கு, குட், வுட் செய்யும் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

இந்த வாசகி தினமும் சொல்ல வேண்டிய கதை ஒன்றிலேயே அதைப் பார்க்கலாம். வீட்டை எழுப்பிய குடும்பம் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தது, ஐயாவுக்குப் பர்மிய மொழி பேசத் தெரியும் என்பார். "ஹீ குட் ஸ்பீக் பர்மீஸ்." சரியான வாக்கியம், அன்று நெடுநாள் இருந்த திறமைக்கு இறந்தகாலக் குட் பொருந்தும். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியே நடந்து இந்தியா வந்தார்கள். அவர்களில் ஒருவராக ஐயாவும் ஊர் வந்து சேர முடிந்தது என்று சொல்ல வேண்டுமானால் "ஹீ வாஸ் ஏபிள் டு ரீச் ஹோம்" என்பதுதான் சரி. ஒரே ஒரு முறை நடந்து முடிந்த காரியத்துக்குக் குட் பொருந்தாது. ‘முடிந்தது’ என்று தமிழில் வரும் இடத்தில் வாஸ் ஏபிள் டு என்று வைத்துக்கொள்ளலாம். ‘முடியவில்லை’ என்றால் குடிண்ட் தாராளமாகப் போடலாம்.

இன்னும் கவனம் வேண்டிய இடம் "ஹீ குட் ஹேவ் ரீச்ட் ஹோம்". சுற்றிக்காட்டும்போது இப்படிச் சொல்லிவிட்டால், ஐயா வந்திருக்கலாம், ஆனால் வரவே இல்லை என்று பயணி புரிந்துகொள்ள இடமிருக்கிறது. இறந்தகாலத்தின் மேல் இன்னொரு தூரம் ஏறிவிட்டது. நம் ‘வந்திருக்கலாம்’ இரண்டு வேலையும் செய்கிறது: "வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது" என்றும் சொல்வோம், "வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை?" என்றும் கேட்போம். தெரியாது என்பதை மட்டும் சொல்ல நினைத்தால் மே ஹேவ் போடுங்கள், குழப்பம் வராது.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "வுட் யூ மைண்ட் இஃப் ஐ டுக் எ ஃபோட்டோ?" என்கிறார்களே, இதற்கு என்ன சொல்வது? வுட் ஒரு தூரம், டுக் இன்னொரு தூரம், இரட்டைப் பணிவு. டுக் என்றதும் படம் எடுத்துவிட்டார்களோ என்று கேமராவைப் பார்க்க வேண்டாம், இன்னும் எடுக்கவில்லை. "எடுத்தால் உங்களுக்கு ஆட்சேபணையா?" என்பதுதான் கேள்வி, ‘எடுத்தால்’ என்பதிலும் அதே இறந்தகாலம் இருக்கிறது, பாருங்கள். ஆட்சேபணை இல்லையென்றால் "நோ, கோ அஹெட்" என்று சொல்லுங்கள். யெஸ் என்றால் எடுக்கக் கூடாது என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.