"கீழ விழுந்துட்டாங்க டாக்டர்"

நைட் டூட்டில இந்த டயலாக் கேக்காத வாரமே இல்ல. பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, மாடிப்படி தவறிடுச்சு, கதவு இடிச்சிடுச்சு. சொல்றது பெரும்பாலும் அடிபட்டு வந்த அந்தம்மா இல்ல, பக்கத்துல நிக்கிற வீட்டுக்காரர். அவங்க தரையப் பாத்துட்டு இருப்பாங்க.

விழறவங்க பெரும்பாலும் கைய ஊனித்தான் விழுவாங்க, மணிக்கட்டுப் பக்கம் உடையும், உள்ளங்கை முட்டியெல்லாம் சிராய்ச்சிருக்கும். அடி வாங்குறவங்க மூஞ்சிய காப்பாத்த கைய தூக்குவாங்க, அப்போ முன்கைல சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவுல உடையும். ஒருத்தங்களுக்கு அப்படித்தான் எக்ஸ்ரே வந்துச்சு. உள்ளங்கைல ஒரு கீறல் இல்ல, கைல கண்ணாடி வளையல் துண்டுங்க குத்தி நின்னுச்சு, ஒவ்வொண்ணா எடுத்து கிட்னி ட்ரேல நான் போடப் போட அவங்க வீட்டுக்காரர் "டைல்ஸ் சரியில்ல மேடம்"னு சொல்லிட்டே இருந்தாரு.

அப்போ நான் டூட்டிக்கு புதுசு, அவரு சொன்னத அப்படியே ஏஆர்ல, அதான் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல, வீட்ல வழுக்கி விழுந்ததுன்னு எழுதிட்டேன். காயம் இதுக்குப் பொருந்தலன்னு ஒரு வரி சேத்திருக்கலாம். சேக்கல. ரொம்ப நாள் கழிச்சு சம்மன் வந்து கூண்டுல ஏறுனா, எதிர்தரப்பு வக்கீல் என் கையெழுத்தையே காட்டி "இது நீங்க எழுதுனதுதானே"ங்கிறாரு. ஆமான்னு தவிர என்ன சொல்ல?

அதனாலதான் சொல்றேன், டாக்டர்கிட்ட உண்மைய சொல்லுங்க, யாரு எதால அடிச்சாங்கன்னு, ஓபி சீட்டுலயும் அதையே எழுதச் சொல்லுங்க, காயத்த போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பிட்டு உங்க போன்ல அழிச்சிடுங்க. ஸ்டேஷனுக்குத் தகவல் போகும்தான், மறைக்கல. ஆனா எஃப்ஐஆர் போடாமலே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகலாம், அந்த வீட்லயே இருக்குற உரிமை, பாதுகாப்பு, செலவுக்குப் பணம் எல்லாம் அதுல கேக்கலாம், மனு எழுதிக் குடுக்க பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா பெண்கள் உதவி எண் 181க்கு அடிங்க, ராத்திரியும் எடுப்பாங்க.

கழுத்த நெரிச்சிருந்தா அத மட்டும் விழுங்கிடாதீங்க. சீரியல்ல காட்டுற மாதிரி அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கணும்னு இல்ல, வெளிய தடமே இல்லாம இருக்கும், குரல் கம்மும், முழுங்க வலிக்கும், கண்ணுல சிவப்பா புள்ளி தெரியும், அன்னிக்கு நல்லா பேசிட்டு இருந்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சும் மோசமாகலாம்.

வீட்டுக்காரர் நகர மாட்டேங்கிறாரா, அத எங்ககிட்ட விட்டுடுங்க. எங்க சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க, பீரோ நிறைய பேண்டேஜ் வச்சுக்கிட்டே "ஸ்டாக் இல்ல சார், எதிர் மெடிக்கல்ல போய் வாங்கிட்டு வாங்க"ம்பாங்க. அவரு போயிட்டு வர பத்து நிமிஷம் ஆகும், எதிர் மெடிக்கல் ராத்திரி பூட்டிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.